பிரைட்கர்க் ஞானஸ்நானத் தொட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில் கம்பிரியா. அங்கே காக்கர்மவுத் ஊருக்கு வடக்கே சுமார் இரண்டு மைல் தள்ளி பிரைட்கர்க் என்ற சிற்றூர் இருக்கிறது. ஏரி மாவட்டத்துக்குச் சுற்றுலா வரும் நம்மவர்களிடம், அந்த ஊரின் புனித பிரிஜிட் தேவாலயத்தையும் ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போங்கள் என்று சொல்வது என் வழக்கம். போய் வந்தவர்கள் போட்டோ அனுப்பிக் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கீழே தொகுத்திருக்கிறேன். இந்த ஒரு தொட்டியைப் புரிந்துகொள்ள வேறு ஊர்த் தொட்டிகளும் வேண்டியிருப்பதால் அவையும் நடுநடுவே வரும்.

உள்ள நுழைஞ்சதும் பெரிய ஆட்டுரல் மாதிரி ஒரு கல்லு நிக்குதே, அது என்ன?

அதுதான் ஞானஸ்நானத் தொட்டி. கத்தோலிக்கர்கள் திருமுழுக்குத் தொட்டி என்பார்கள். நடுவே குடைந்த ஒரு கல், அதைத் தாங்க ஒரு தண்டு அல்லது அடிக்கல். குழந்தைக்குப் பெயர் சொல்லி, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயரால் சபையில் சேர்ப்பது இதன் அருகில்தான். இங்கிலாந்தின் பழைய கிராமத்துத் தேவாலயங்களில் சுவர் மாறியிருக்கும், கூரை மாறியிருக்கும், கண்ணாடிச் சன்னல்கள் மாறியிருக்கும். தொட்டி மட்டும் பல இடங்களில் எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டுகளாக அதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. பிரைட்கர்க் தொட்டி 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

தலையில ரெண்டு சொட்டு தண்ணி விடறதுக்கு இவ்வளவு பெரிய தொட்டி எதுக்கு?

அன்றைக்கு ரெண்டு சொட்டு விடவில்லை, குழந்தையையே முக்கினார்கள். இடைக்கால இங்கிலாந்தில் பிறந்த ஓரிரு நாளில், சில சமயம் பிறந்த அன்றே, மருத்துவச்சியோ ஞானத்தாயோ குழந்தையைத் தூக்கி வருவார்கள். பெற்ற தாய் பெரும்பாலும் உடன் வரமாட்டாள். ஏறத்தாழ நாற்பது நாள் கழிந்து, சுத்திகரிப்புச் சடங்கு முடிந்தபின்தான் அவள் தேவாலயத்துக்குள் வருவது வழக்கம். குருவானவர் குழந்தையை வாங்கித் தண்ணீருக்குள் மூன்று முறை அமிழ்த்தி எடுப்பார்.

ஆங்கிலத்தில் முதன்முதலாக 1549இல் வந்த பொது ஜெபநூலும் இதே முறையைச் சொல்கிறது: முதலில் வலப்பக்கம், அடுத்து இடப்பக்கம், மூன்றாவதாக முகம் தண்ணீரை நோக்க. குழந்தை பலவீனமாக இருந்தால் மேலே ஊற்றினால் போதும் என்ற விதிவிலக்கும் அதில் உண்டு. காலப்போக்கில் விதிவிலக்கே வழக்கமாகிவிட்டது. பழைய தொட்டிகளின் வாய் ஏன் அவ்வளவு அகலம், ஆழம் ஏன் ஒரு பிள்ளையின் உடலை ஒட்டி இருக்கிறது என்பதற்கு விடை இதுதான். பார்க்கப் போகிறவர்கள் சிற்பத்தோடு நின்றுவிடாமல் தொட்டியின் உள்ளேயும் ஒருமுறை குனிந்து பாருங்கள். அளவைப் பார்த்ததும் புரிந்துவிடும்.

பீடத்துக்குப் பக்கத்துல வைக்காம ஏன் வாசல் ஓரமா வச்சிருக்காங்க?

சபைக்குள் நுழைவதே ஞானஸ்நானத்தின் வழியாகத்தான் என்பதால் நுழைவாயிலுக்கு அருகில். இடைக்காலச் சடங்கு வாசலுக்கு வெளியிலேயே தொடங்கியது. அங்கே குழந்தையின் நாவில் உப்பு வைத்து, தீய ஆவியை விரட்டும் ஜெபம் சொல்லி, அதன்பிறகே உள்ளே தூக்கி வந்தார்கள். உள்ளே வந்து நாலடி வைத்தால் தொட்டி. 1604இல் இங்கிலாந்து திருச்சபை வகுத்த விதிகள், ஒவ்வொரு தேவாலயத்திலும் கல்லாலான தொட்டி இருக்கவேண்டும், அது பழைய வழக்கமான இடத்திலேயே இருக்கவேண்டும் என்று எழுதியே வைத்தன.

சரி, இங்கிலாந்துல ஆயிரக்கணக்கான தொட்டி இருக்கே. பிரைட்கர்க்ல அப்படி என்ன விசேஷம்?

அந்தத் தொட்டி பேசுகிறது. சதுர வடிவம், நாலு முகமும் சிற்பம். ஒரு முகத்தில் யோவான் இயேசுவுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறார். இன்னொன்றில் வாளேந்திய தூதர் ஆதாமையும் ஏவாளையும் ஏதேனிலிருந்து துரத்துகிறார். விந்தை மிருகங்களும் சுருண்டு செல்லும் இலைக்கொடிகளும் உண்டு. இத்தனையும் வேறு தொட்டிகளிலும் கிடைக்கக்கூடியவைதான். ஆனால் ஒரு முகத்தின் குறுக்கே ஒரு பட்டை ஓடுகிறது. அந்தப் பட்டையில் ரூன் எனப்படும் பழைய வட ஐரோப்பிய எழுத்துகளில் இரண்டு அடிகள்: ரிகார்த் என்னைச் செய்தான், இந்த அழகுக்கு என்னைக் கொண்டுவந்தான். இரண்டாம் அடியில் ஒரு சொல்லைப் பற்றி மட்டும் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு. அது ‘ஆர்வத்தோடு’ என்று பொருள்படும் சொல் என்பவர்கள் உண்டு.

மூல மொழியில் அந்த அடிகள் இயைபுத் தொடையோடு முடிகின்றன. ‘செய்தான்’ என்பதற்கு ‘இவ்ரோக்தெ’, ‘கொண்டுவந்தான்’ என்பதற்கு ‘ப்ரோக்தெ’. கல்தச்சன் ஒருவன் தன் பெயரை வெட்டிவைத்ததே அந்தக் காலத்தில் அரிது. அதைக் கவிதையாக, அதுவும் தொட்டியே சொல்வதாக வெட்டியிருக்கிறான். இத்தனை சின்ன இடத்தில் இத்தனை பெருமிதத்தை நான் வேறெந்தத் தொட்டியிலும் பார்த்ததில்லை.

ரூன் எழுத்துன்னா வைக்கிங்குகளோடதுதானே? அது எப்படி இங்கிலீஷ் சர்ச்சுல?

கம்பிரியாவில் 10ஆம் நூற்றாண்டு வாக்கில் ஸ்காண்டிநேவிய மூதாதையர் கொண்ட மக்கள் குடியேறினார்கள். அவர்களின் தடம் ஊர்ப்பெயர்களிலேயே இருக்கிறது. ‘பிரைட்’ என்பது அயர்லாந்தின் புனித பிரிஜிட், ‘கர்க்’ என்பது தேவாலயத்துக்கான நோர்ஸ் சொல். தொட்டி செய்யப்பட்ட காலத்தில் பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்த நார்மன் பிரபுக்கள் ஆண்டார்கள், குருக்கள் லத்தீனில் பூசை வைத்தார்கள், ஊர் மக்கள் ஒருவகை ஆங்கிலம் பேசினார்கள். அந்தக் கலவை அப்படியே கல்லில் இருக்கிறது: எழுத்து ஸ்காண்டிநேவிய ரூன், மொழி தொடக்ககால இடை ஆங்கிலம். ரூனில் இல்லாத சில ஒலிகளுக்கு அன்றைய ஆங்கிலச் சுவடிகளில் வழங்கிய எழுத்துகளை இடையே சேர்த்திருக்கிறான். ஆக, இரண்டு எழுத்து மரபும் தெரிந்த ஒருவன் வெட்டியது, அல்லது அப்படித் தெரிந்த ஒருவர் எழுதித் தந்ததைப் பார்த்து வெட்டியது.

இதை எப்போ, யார் படிச்சாங்க? ஊர்க்காரங்களுக்குத் தெரியாமயா இருந்திருக்கும்?

நெடுங்காலம் யாருக்கும் படிக்கத் தெரியவில்லை. முதலாம் எலிசபெத் காலத்து வரலாற்றாய்வாளர் வில்லியம் கேம்டன் இந்தத் தொட்டியைப் பதிவு செய்தார். பச்சை நிறம் கலந்த கல், நேர்த்தியான சிறு உருவங்கள் என்று வருணித்து, எழுத்துகளையும் பார்த்து எழுதினார். எந்த நாட்டு எழுத்து, என்ன பொருள் என்பதைக் கற்றவர்கள் முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டார்.

1685இல் கார்லைல் பகுதியின் ஆர்ச்டீக்கனாக, அதாவது பிஷப்புக்கு அடுத்த நிலை அதிகாரியாக இருந்த வில்லியம் நிக்கல்சன் (பின்னாளில் அங்கேயே பிஷப் ஆனவர்) ரூன் என்று கண்டுகொண்டு ஒரு வாசிப்பை வெளியிட்டார். ஏக்கார்ட் என்பவன் இங்கே மனம் திரும்பினான், அவனைப் பார்த்து டேனியர்களும் திரும்பினார்கள் என்பது அவர் கண்ட பொருள். படிக்க அருமையான கதை. ஆனால் கல்லில் அது இல்லை. தொட்டி என்றால் மனமாற்றத்தைப் பற்றித்தான் பேசும் என்று முன்பே நினைத்துக்கொண்டு படித்ததால் வந்த விளைவு என்பது என் எண்ணம். ‘என்னைச் செய்தான்’ என்ற சரியான வாசிப்பு 19ஆம் நூற்றாண்டில்தான் நிலைபெற்றது. நிக்கல்சனைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. எழுத்தின் இனத்தைச் சரியாகக் கண்டவர் அவர், அதுவே பாதி வேலை.

எழுத்துக்குக் கீழ சுத்தியலோட ஒரு ஆள் இருக்காரே, அவர்தான் ரிகார்த்தா? சும்மா அலங்காரமா இருக்கக்கூடாதா?

சின்ன உருவம். கையில் கொட்டாப்புளியும் உளியும், எதிரே கொடியின் இலை. அந்தக் கொடியை அவனே செதுக்கிக்கொண்டிருப்பது போல் அமைத்திருக்கிறார்கள். செய்தவனின் பெயரைச் சொல்லும் அதே முகத்திலேயே செய்பவனின் உருவமும் இருக்கும்போது, இரண்டும் ஒருவரைத்தான் குறிக்கின்றன என்று கொள்வதே இயல்பு. பெரும்பாலான ஆய்வாளர்கள் கருத்தும் அதுதான். ரிகார்த் கட்டளையிட, வேறொருவர் வெட்டியிருக்கலாம் என்று வாதிட இடமுண்டு. எனக்கு அந்த வாதம் வலுவாகப் படவில்லை.

டர்ஹாம் நகரில் அதே நூற்றாண்டில் ரிச்சர்ட் என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் இருந்தார், அவர்தான் இவர் என்று சில பழைய நூல்களில் படித்திருப்பீர்கள். ரிகார்த் என்பதும் ரிச்சர்ட்தான், ஆனால் அது அன்றைக்கு மிகப் பரவலான பெயர் என்பதை நினைவில் வையுங்கள். பெயர் ஒத்துப்போவதைத் தவிர வேறு சான்று இல்லை.

பல ஊர் தொட்டிகள்ல மேல் விளிம்புல இரும்புத் துண்டு, இல்லாட்டி ஓரம் பேந்து போய் ஒட்டுப்போட்டிருக்கு. யாராவது உடைச்சாங்களா?

இந்தக் கேள்வி கேட்பவர்களைப் பார்த்தால் எனக்குத் தனி மகிழ்ச்சி. அது பூட்டு இருந்த இடம்.

தண்ணீரை ஒவ்வொரு ஞானஸ்நானத்துக்கும் புதிதாக மந்திரிக்கவில்லை. ஈஸ்டருக்கும் பெந்தெகோஸ்தேவுக்கும் முந்தின நாள் பெரிய சடங்காக, மெழுகுவர்த்தியை அமிழ்த்தி, பரிசுத்த எண்ணெய் கலந்து மந்திரிப்பார்கள். அந்தத் தண்ணீர் தொட்டியிலேயே மாதக்கணக்கில் இருக்கும். அதை எடுத்துப்போய் மாந்திரீகத்துக்குப் பயன்படுத்திவிடுவார்கள் என்ற பயம் குருமாருக்கு இருந்தது. 1236இல் கான்டர்பரி பேராயர் அபிங்டன் எட்மண்ட் வெளியிட்ட ஆணைகளில், சூனியத்துக்கு அஞ்சித் தொட்டிகளைப் பூட்டி வைக்கவேண்டும் என்று நேரடியாகவே இருக்கிறது. அதற்காக எதிரெதிர் விளிம்பில் இரண்டு இரும்பு வளையங்களை ஈயம் உருக்கி ஊற்றிப் பதித்து, மூடியின் மேல் ஒரு சட்டத்தைச் செருகிப் பூட்டினார்கள்.

இங்கிலாந்து திருச்சபை ரோமிலிருந்து பிரிந்த 16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தத்துக்குப் பின் தண்ணீரைச் சேமிக்கும் வழக்கம் போயிற்று, பூட்டுக்கும் வேலை இல்லாமல் போயிற்று. வளையங்களைப் பிடுங்கியபோது கல்லும் சேர்ந்து பெயர்ந்தது. எதிரெதிராக இரண்டு இடத்தில் ஒட்டுப்போட்டிருந்தால், சிற்பமே இல்லாத மொட்டைத் தொட்டியானாலும் அது இடைக்காலத்தது என்று பெரும்பாலும் நம்பலாம்.

உள்ளே ஈயத் தகடும், அடியில ஒரு ஓட்டையும் இருக்கே?

மேலே சொன்னபடி தண்ணீர் மாதக்கணக்கில் நிற்கவேண்டும். மணற்கல் தண்ணீரைக் குடிக்கும், அதனால் ஈயப் பூச்சு. மந்திரித்த தண்ணீரைத் தெருவில் கொட்டக்கூடாது என்பதால் ஓட்டை வழியாகத் தண்டுக்குள் இறங்கி நேரே மண்ணுக்குள் போகும்படி செய்தார்கள்.

எல்லாமே கல்லுதானா?

பெரும்பாலும். முழுவதும் ஈயத்திலேயே வார்த்த தொட்டிகளும் முப்பது போல எஞ்சியிருக்கின்றன. ஆக்ஸ்போர்டு பகுதியில் டார்செஸ்டர் மடாலயத்துத் தொட்டியில் அமர்ந்த அப்போஸ்தலர்கள். கென்ட் பகுதியின் புருக்லாந்தில் பன்னிரண்டு மாதங்களுக்கும் உரிய வேலைகளும் அவற்றின் ராசிகளும் வரிசையாக. நம்மவர்கள் நின்று ரசிக்கும் தொட்டி அது, ஏனென்றால் ராசிச் சின்னங்கள் அப்படியே அடையாளம் தெரியும்.

கல்லிலும் உள்ளூர்க் கல் மட்டுமே என்று நினைக்கவேண்டாம். இன்றைய பெல்ஜியத்தின் தூர்னே நகரிலிருந்து 12ஆம் நூற்றாண்டில் கறுப்புச் சுண்ணாம்புக்கல் தொட்டிகள் கடல்வழியே வந்தன. வின்செஸ்டர் பேராலயத்தில் இருப்பது அவற்றில் ஒன்று. அதில் புனித நிக்கோலாவின் அற்புதங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன.

வட்டம், சதுரம், எட்டு மூலைன்னு விதவிதமா இருக்கே. வடிவத்தை வச்சே காலம் சொல்லிடலாமா?

ஓரளவுக்கு. வட்ட வடிவும் சதுரமும் 12ஆம் நூற்றாண்டில் அதிகம், எட்டு முகம் 14, 15ஆம் நூற்றாண்டுகளில் அதிகம். ஆனால் பழைய சதுரத் தொட்டியின் மூலைகளைப் பின்னாளில் வெட்டி எட்டு முகமாக்கியதும் உண்டு, விக்டோரியா காலத்தில் பழைய பாணியிலேயே புதிதாகச் செய்ததும் உண்டு. ஆகவே விளிம்பையும் உட்புறத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவுக்கு வரவேண்டும்.

எட்டுக்கு ஒரு காரணம் உண்டு. படைப்பு ஏழு நாள், இயேசு உயிர்த்தெழுந்தது அதற்கு அடுத்த புது நாள். நோவாவின் பேழையில் தண்ணீர் வழியாகக் காப்பாற்றப்பட்டவர்கள் எட்டுப் பேர் என்று பேதுருவின் முதல் நிருபம் ஞானஸ்நானத்தோடு சேர்த்தே சொல்கிறது. நார்ஃபோக், சஃபோக் பகுதிகளில் இந்த எட்டு முகங்களையும் அழகாகப் பயன்படுத்தினார்கள்: ஏழு முகத்தில் ஏழு திருவருட்சாதனங்கள் (ஞானஸ்நானம், திருமணம் போன்ற சாக்கிரமெந்துகள்), எட்டாவதில் சிலுவை மரணமோ இயேசுவின் ஞானஸ்நானமோ. அப்படி நாற்பது தொட்டிகள் அளவில் எஞ்சியுள்ளன. அவை வண்ணம் பூசப்பட்டிருந்தவை. வெஸ்ட்ஹால் ஊர்த் தொட்டியில் அந்த வண்ணத்தின் மிச்சத்தை இன்றும் பார்க்கலாம்.

அந்த ஏழு சாக்கிரமெந்து தொட்டிகள்ல முகமெல்லாம் செதுக்கி எடுத்திருக்காங்களே, யார் செஞ்ச வேலை?

ஒரே ஆள், ஒரே ஆண்டு என்று சொல்ல முடியாது. 16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தத்தில் ஒரு சுற்று, 1640களின் உள்நாட்டுப் போர்க் காலத்தில் இன்னொரு சுற்று. அப்போது சஃபோக்கிலும் கேம்பிரிட்ஜ் பகுதியிலும் சிலை உடைப்புக்கென்றே நியமிக்கப்பட்ட வில்லியம் டவுசிங், 1643–44இல் ஊர் ஊராகச் சென்று உடைத்ததை நாட்குறிப்பாகவே எழுதி வைத்தார். உஃபோர்டு ஊரில் தொட்டியின் மேல் சுமார் 18 அடி உயரத்துக்கு மரக் கோபுரம்போல் எழும் மூடியைக் கண்டு, போப்பின் மும்முடி போலிருக்கிறது, உச்சியில் தன் மார்பைக் கொத்தும் பெலிக்கன் பறவை, முழுக்கப் பொன் பூச்சு என்று எழுதினார். அந்த மூடி தப்பித்து இன்றும் அங்கே நிற்கிறது.

1645இல் நாடாளுமன்றம் ஏற்ற வழிபாட்டு நெறி பழைய தொட்டி இருந்த இடத்தில் ஞானஸ்நானம் கொடுக்கக்கூடாது என்றது. சாதாரணக் கிண்ணங்கள் வந்தன, பல தொட்டிகள் வெளியே போயின. 1660இல் மன்னராட்சி திரும்பியதும் தொட்டிகளும் திரும்பின. அந்தச் சில ஆண்டுகளின் தேதி வெட்டிய தொட்டிகள் பல ஊர்களில் உண்டு. வெளியே போனவற்றில் சில திரும்புவதற்கு இன்னும் காலம் பிடித்தது. கிளஸ்டர்ஷயரின் டியர்ஹர்ஸ்ட் தொட்டி நார்மன்களுக்கும் முந்தியது, முழுக்கச் சுருள் வேலைப்பாடு. அதன் கிண்ணம் ஒரு பண்ணையில் கிடந்து 19ஆம் நூற்றாண்டில் மீட்கப்பட்டது, தண்டு வேறோர் இடத்தில் கிடைத்தது.

அண்ணா, பிரைட்கர்க் சர்ச்சு பழசே இல்லையே? 1870னு போட்டிருக்கு. தொட்டி மட்டும் 12ஆம் நூற்றாண்டுன்னா நம்பறதா?

நம்பலாம். இப்போதுள்ள கட்டடம் 1868–70இல் எழுந்தது. பழைய தேவாலயத்தின் பீடப்பகுதி இடிபாடாக அதே கல்லறைத் தோட்டத்தில் நிற்கிறது. பழைய நார்மன் வாசல்களைப் புதிய கட்டடத்தில் எடுத்து வைத்தார்கள், தொட்டியும் அப்படித்தான் உள்ளே வந்தது.

தொட்டி கட்டடத்தைவிட நீண்டு வாழ்வதற்குப் பக்தி மட்டும் காரணமில்லை, உரிமையும் காரணம். இடைக்காலத்தில் ஒரு சிற்றாலயத்தில் தொட்டி இல்லையென்றால் அங்கே ஞானஸ்நானம் கிடையாது; குழந்தையைத் தாய்த் தேவாலயத்துக்குத் தூக்கிப் போகவேண்டும், காணிக்கையும் அங்கேதான் போகும். தொட்டி இருப்பது ஒரு ஊர் தனிப் பங்கு, அதாவது தனக்கென்று தேவாலயமும் குருவானவரும் உள்ள எல்லை, என்பதற்கு அடையாளம். கட்டடத்தை இடித்துக் கட்டினாலும் அந்த அடையாளத்தை ஊர் விட்டுக்கொடுக்கவில்லை.

சாமி சம்பந்தப்பட்ட பொருள்ல சண்டை போடற வீரர்கள், சிங்கம், டிராகன் எல்லாம் எதுக்கு?

ஹெரிஃபோர்ட்ஷயரின் எர்டிஸ்லி தொட்டியைப் பார்த்துவிட்டு வருபவர்கள் கேட்பது இது. சுமார் 1150ஆம் ஆண்டு வேலை. ஈட்டியோடு ஒருவன், வாளோடு ஒருவன், இருவரையும் கொடிகள் பின்னிச் சிக்கவைத்திருக்கின்றன. பெரிய சிங்கம் ஒன்று. சுற்றி வந்தால் கையில் சிலுவையோடு கிறிஸ்து, கொடிச் சிக்கலிலிருந்து ஒரு மனிதனை மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுக்கிறார். மரித்தோர் உலகில் இறங்கி ஆன்மாக்களை மீட்கும் காட்சி. சண்டை, மிருகம், பின்னிய கொடி எல்லாம் பாவத்தில் சிக்கிய உலகம், அந்த ஒரு கை அதிலிருந்து மீட்பு என்று சேர்த்துப் படித்தால் ஞானஸ்நானத் தொட்டிக்கு இதைவிடப் பொருத்தமான சிற்பம் இல்லை. பிரைட்கர்க்கிலும் ஏதேனிலிருந்து துரத்தும் காட்சியையும் யோர்தான் ஆற்றில் இயேசு ஞானஸ்நானம் பெறும் காட்சியையும் இதே கண்ணோடு பாருங்கள்: ஒரு பக்கம் இழந்தது, இன்னொரு பக்கம் திரும்பப் பெற்றது.

எர்டிஸ்லி வீரர்கள் உள்ளூர்ப் பிரபுக் குடும்பத்தின் உண்மையான சண்டையைக் காட்டுகிறார்கள் என்ற கதை அங்கே வழங்குகிறது. சுவையான கதைதான். தொட்டி அதை எங்கும் சொல்லவில்லை.

நம்ம சென்னையில இந்த மாதிரி பழைய ஆங்கிலேயர் தொட்டி உண்டா?

இடைக்காலத்தது இருக்க வழியில்லை. ஆனால் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் 1680இல் அர்ப்பணிக்கப்பட்ட புனித மேரி ஆலயத்தின் தொட்டியைப் பார்க்கலாம், அது பல்லாவரம் கருங்கல். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் மூன்று மகள்களுக்கு 1689இல் அந்த ஆலயத்தில்தான் ஞானஸ்நானம். கல்கத்தாவில் உள்ள சார்னாக் கல்லறையின் கல்லும் சென்னைப் பக்கத்துக் கல்தான். அதை வைத்தே அந்தக் கல்வகைக்கு சார்னோக்கைட் என்று பெயர் வைத்தார்கள். தொட்டி கல்லாகவே இருக்கவேண்டும் என்ற 1604ஆம் ஆண்டு விதி இங்கே நம் ஊர்ப் பாறையால் நிறைவேறியிருக்கிறது.

எழுத்து சரியாவே தெரியலை. போட்டோவுல வெறும் சாம்பல் நிறம்தான்.

நேர் எதிரே நின்று பிளாஷ் அடித்தால் எதுவும் தெரியாது. பக்கவாட்டிலிருந்து, கல்லை ஒட்டினாற்போல் டார்ச் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடியுங்கள். ரூன் கோடுகளுக்குள் நிழல் விழுந்து எழுத்து எழும்பி நிற்கும். தாளை வைத்துத் தேய்த்துப் படியெடுக்க வேண்டாம், மாவு தடவவே வேண்டாம். தேவாலயம் எப்போதும் திறந்திருக்கும் என்றும் எண்ணவேண்டாம், முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போங்கள்.

கடைசியா ஒண்ணு. நாங்க இங்கிலாந்துலதான் இருக்கோம். எங்க பாப்பாவுக்கு அந்த மாதிரி பழைய தொட்டியில ஞானஸ்நானம் கொடுக்க முடியுமா?

முடியும். இவை காட்சிப்பொருள்கள் இல்லை, இன்றும் பயன்பாட்டில் இருப்பவை. இங்கிலாந்து திருச்சபையின் விதிப்படி, தன் பங்கு எல்லைக்குள் குடியிருப்பவர்களின் குழந்தைக்கு ஞானஸ்நானம் கேட்டால் குருவானவர் மறுக்கக்கூடாது. பெற்றோருக்கும் ஞானப்பெற்றோருக்கும் ஆயத்த வகுப்பு நடத்தத் தேவையான காலம்வரை தள்ளிவைக்கலாம், அவ்வளவே. நீங்கள் குடியிருக்கும் பங்கில் இடைக்காலத் தொட்டி இருந்தால் பிரச்சினையே இல்லை. வேறு பங்கின் தொட்டி வேண்டுமென்றால் அந்தக் குருவானவர் முதலில் உங்கள் பங்குக் குருவானவரிடம் பேசவேண்டும், ஆகவே இருவரையும் நேரில் பார்த்துவிடுங்கள். ஞானப்பெற்றோரும் ஞானஸ்நானம் பெற்றவர்களாக இருக்கவேண்டும் என்பதை முன்பே உறவினர்களிடம் சொல்லிவையுங்கள். கடைசி வாரத்தில் இதில் சிக்கிக்கொள்பவர்கள் நிறைய.